துணி அலசுவதிலிருந்து தொடங்குங்கள்

காளத்திக்குக் கலம்காரி கற்கப் போகும் நண்பர்களுக்கு,

உங்கள் பயிலரங்கின் நிகழ்ச்சிநிரலை உங்களில் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். காளத்தியில், அதாவது ஸ்ரீகாளஹஸ்தியில், துணியில் ஓவியம் எழுதும் ஒரு கலம்காரிக் குடும்பத்தோடு தங்குவது, அவர்கள் வீட்டுச் சாப்பாடு, முதல் நாள் காலையிலேயே கலம் பிடிப்பது, கடைசி நாளில் ஆளுக்கொரு ஓவியத்தோடு விடைபெறுவது. படிக்கும்போதே ஆசையாக இருந்தது. ஒரு வரி மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது: பக்குவப்படுத்திய துணி தயாராகக் கிடைக்கும், அலசுவது, காய்ச்சுவது முதலியவற்றை வேலையாட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று போட்டிருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்த மடல்.

ஏற்பாடு செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். லீவு கிடைப்பதே பெரும்பாடு. பணம் கட்டி வருகிறவர்கள் சாணித் தண்ணீரில் கை வைப்பார்களா என்ற தயக்கமும் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனாலும் அந்த வரியை அடித்துவிடச் சொல்லி நீங்களே கேளுங்கள். இந்தத் தொழிலில் கலம் துணியைத் தொடும் நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் தண்ணீரிலும் வெயிலிலும் அடுப்படியிலும் கழிகிறது. கற்க வேண்டியதில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

காடா துணி தறியிலிருந்து வரும்போது அதில் கஞ்சியும் பஞ்சின் இயல்பான பிசுக்கும் இருக்கும். சாணம் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் அலசி, வெயிலில் விரித்துக் காயவிடுவார்கள். ஒரு தடவையில் வெளுக்காது. மறுபடி ஊறல், மறுபடி வெயில். பிறகு கடுக்காய். பொடித்த கடுக்காயை எருமைப்பாலோடு கலந்து, அதில் துணியைத் தோய்த்துப் பிழிந்து உலர்த்தினால் லேசாக மஞ்சளேறும். பசும்பால் ஏன் உதவாது என்று அவர்களிடம் கேட்டுப்பாருங்கள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அது இழையில் படிந்தால்தான் மை கண்டபடி ஊறிப் பரவாது. கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரப்போகும் கறுப்பையும் சிவப்பையும் பிடித்துக்கொள்ளும். பிழிகிற கை சீராக இல்லாவிட்டால் ஒரு மூலையில் பால் கூடுதலாகத் தங்கிவிடும். அங்கே இழுத்த கோடு ஒரு விதம், நடுவில் இழுத்த கோடு வேறு விதம். தயார்த் துணியை வாங்கி வரைகிறவருக்கு இது புரியவே புரியாது. கோடு கசிந்தால் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவார்.

கறுப்பின் கதையும் அப்படித்தான். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பனைவெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுவார்கள். கசிம் என்பது அவர்கள் வழங்கும் பெயர். வாடை மூக்கைத் துளைக்கும். வடித்தெடுத்தால் பழுப்பு நீர்தான். பார்த்தால் மை என்றே தோன்றாது. கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் இறுக்கிய கட்டு, இதுதான் கலம். அந்தக் கட்டு கசிமைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப நுனிக்கு இறக்கும். புளியங்குச்சிக் கரியால் போட்ட கோட்டின் மேல் கலத்தை ஓட்டுகிறீர்கள். வெளிறிய பழுப்பாகத் துணியில் இறங்குவது உங்கள் கண்ணெதிரே கறுக்கத் தொடங்கும். பானையில் இருந்தது இரும்பு, துணியில் இருந்தது கடுக்காய். இரண்டும் சேர்ந்த இடத்தில் கறுப்பு பிறக்கிறது. எத்தனை முறை பார்த்தும் எனக்கு இது சலித்ததில்லை. பானையை வைத்தவரும் பால் தோய்த்தவரும் செய்து முடித்ததைத்தான் வரைகிறவர் அந்த நொடியில் திறந்து காட்டுகிறார்.

இனி, அலசல். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவார்கள். படிகாரத்துக்கென்று ஒரு நிறம் கிடையாது. தீட்டி முடித்த துணியைப் பார்த்தால் பெரிதாக எதுவும் நடந்ததாகவே தெரியாது. அதை ஒரு நாளாவது ஆறப்போட்டு, பிறகு ஓடும் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். இழையைப் பற்றாமல் மேலாக நிற்கும் படிகாரம் வெளியேற வேண்டும். வெளியேறும் வழியில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. ஒட்டினால் அங்கேயும் சிவந்துவிடும்; ராமாயணத் துணியென்றால் சீதையின் முகத்தில் திட்டு விழும். அதனால் துணியைக் கசக்கக் கூடாது, மடங்க விடக் கூடாது. இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து, விரித்த வாக்கில், நீரோட்டத்தின் போக்கில் விடவேண்டும். தேங்கிய தண்ணீரில் செய்தால் கழன்ற படிகாரம் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி ஏறும். எவ்வளவு நேரம் என்று எழுதிவைக்க வழியில்லை. துணி எவ்வளவு கனம், வெயில் எப்படி, தண்ணீர் எவ்வளவு வேகம், எல்லாவற்றையும் பொறுத்தது. போதும் என்பதைக் கைதான் சொல்லும். அந்தக் கை உங்களுக்கு வாய்க்க வேண்டுமானால் முழங்கால் தண்ணீரில் நின்றே ஆகவேண்டும்.

காளத்தியில் இந்தத் தொழில் நிலைத்ததற்கு ஸ்வர்ணமுகி ஆறு முக்கியமான காரணம். பொன்முகலி என்ற பெயரில் தமிழருக்குப் பழகிய ஆறுதான். தேவார மூவரும் பாடிய தலம், கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பிய இடம் என்று நாம் அந்த ஊரை நினைக்கிறோம். அங்குள்ள சாயக்காரர்கள் ஆற்றின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் மனத்தில் முதலில் வருவது தண்ணீர் வந்திருக்கிறதா என்பதுதான். ஆண்டு முழுக்க ஓடும் ஆறல்ல அது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையால் துணி காயாது. கோடையில் மணல்தான் மிஞ்சும். தையிலும் மாசியிலும் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து வரும். அந்தச் சமயத்தில் நீங்கள் போகிறீர்கள், நல்லது. ஆனால் அவர்களுக்கும் வேலை நெருக்கும் காலம் அதுதான் என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்காக ஒதுக்கும் ஒவ்வொரு பகல்பொழுதும் அவர்களுடைய நல்ல வெயிலிலிருந்து எடுத்துக் கொடுப்பது.

அலசிய துணி அண்டாவுக்குப் போகும். விறகடுப்பு, செம்பு அண்டா, சாயமேற்றும் வேரும் பட்டையும். பழைய காலத்தில் சாயவேர். கடலோர மணலில் வளரும் சிறு செடியின் வேர் அது. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் இதைத் தோண்டுவதற்கென்றே குடிகள் இருந்தனர். மஞ்சிட்டியும் வேம்பாடம் பட்டையும் உண்டு. அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்தைச் சேர்ப்பவர்களும் இன்று இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சாயவேர் தோண்ட ஆளில்லை, கடைக்காரர் கொடுக்கும் விலை ஏறுவதில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்களுக்குத் தூய்மையைப் பற்றிப் பேச உரிமை கிடையாது. அண்டாவில் துணியைக் கழியால் அமிழ்த்திப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில், நேற்று நிறமில்லாத நீர் தொட்ட இடங்கள் மட்டும் சிவந்து வெளிப்படும். மற்ற இடங்களிலும் சிறிது கறை ஏறியிருக்கும். அதை மறுபடி சாணத்தண்ணீரிலும் வெயிலிலும் இட்டுத்தான் வெளுக்க வேண்டும். மறுபடி பால். அதன் பிறகு கடுக்காய்ப்பூவிலிருந்து எடுத்த மஞ்சள், அவுரி நீலம், மஞ்சளின் மேல் நீலம் ஏறிய பச்சை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அலசல், உலர்த்தல்.

இவ்வளவையும் நான் நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு முன்னாலும் கற்க வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய கதையை நீங்கள் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு கிராக்கி இருந்தது. உள்ளூர் நெசவாளர்களும் பட்டு வணிகர்களும் கூச்சல் போட்டதில் பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுப் பார்த்தது. தடை போட்டாலும் ஆசை அடங்கவில்லை. துணியின் சாயம் ஏன் போவதில்லை என்ற ரகசியத்தைப் பிடிக்கப் பார்த்தார்கள். 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்த பொலியு என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸில் இருந்த துஃபே என்ற வேதியியலாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஒரு துணி ஓவியரின் அருகில் இருந்து தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்து எழுதினார். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் படியும் துண்டுகளும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், கிறிஸ்தவத்துக்கு மாறிய சாயக்காரர்களிடம் விசாரித்து, முழுச் செய்முறையையும் கடிதமாகப் பிரான்சுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பிற்காலத்தில் சுட்டிக்காட்டிய அதே கேர்துதான். பிரெஞ்சுத் தடை 1759இல் நீங்கியது. மறு ஆண்டே ஓபெர்காம்ப் என்பவர் வெர்சாய்க்கு அருகே ஜூயி என்ற ஊரில் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கி, பின்னால் பெரும் பேர் வாங்கினார்.

பொலியுவும் கேர்துவும் எதைக் கவனித்து எழுதினார்கள் என்று பாருங்கள். கடுக்காய், எருமைப்பால், வெளுத்தல், அலசல், தண்ணீரின் தன்மை. கோடு போடும் அழகைப் பற்றி அவர்கள் உருகவில்லை. இந்தத் தொழிலைப் பெயர்த்துக்கொண்டு போக விரும்பியவர்களுக்கு அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அன்போடு கற்கப் போகிற நாம் அந்த இடத்தையே வேலையாட்களிடம் விட்டுவிட்டு, மேலே உள்ள கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் அது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த எழுத்துகளின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்த பெயர்கள் பொலியு, கேர்து, துஃபே. புதுச்சேரியில் வெயிலில் குந்தி, ஒரு வேற்றுநாட்டுக்காரருக்குத் தன் தொழிலைக் கட்டம் கட்டமாகச் செய்து காட்டிய அந்த மனிதரின் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. அவருக்குப் பால் தோய்த்துக் கொடுத்தது யார், துணியை அலசிக் கொடுத்தது யார்? உங்கள் நிகழ்ச்சிநிரலில் 'வேலையாட்கள்' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்தப் புதுச்சேரி ஓவியரின் வீடுதான் நினைவுக்கு வந்தது.

காளத்தியில் இந்தத் தொழில் ஒரு காலத்தில் அணைந்தே போயிருக்கும். கோயில்களுக்கு ராமாயண, பாரதத் துணிகள் எழுதிவந்த குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டில் பிழைப்புக்கு வேறு வழி தேடின. கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் அகில இந்தியக் கைவினை வாரியம் 1957இல் அங்கே ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. எஞ்சியிருந்த கைகளில் ஒருவரான ஜொன்னலகட்ட லட்சுமய்யா அங்கே கற்றுக்கொடுத்தார். 2008இல் பத்மஸ்ரீ பெற்ற ஜே. குரப்பச் செட்டி அந்த மறுமலர்ச்சியோடு வளர்ந்த பெரிய கலைஞர். இப்போது அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கலம் ஓடுகிறது என்றால் யாரோ சிலர் பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததால்தான். தங்கிக் கற்பது என்பதை நான் இவ்வளவு பெரிதாக மதிப்பதும் அதனால்தான். ஒரு பயிலரங்கு ஒழுங்காக நடந்தால் அது ஓர் ஊரையே திருப்பி நிமிர்த்தும்.

அங்கே வண்ணம் நிரப்புவது, காய்ச்சுவது, அலசுவது எல்லாவற்றிலும் பெண்களின் உழைப்பு பெரிது. வெளியே போகும் துணியின் மூலையில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும், அதுவும் கோடு போட்டவரின் பெயர். நீங்கள் போய் இறங்கிய அன்றே ஒன்று செய்யலாம். அறிமுகத்தின்போது ஆசிரியரோடு நிறுத்திக்கொள்ளாமல், பால் கலப்பவர், அண்டாவைப் பார்ப்பவர், ஆற்றில் துணி பிடிப்பவர் எல்லோரையும் உட்காரவைத்துப் பெயர் கேளுங்கள். அவர்களும் உங்கள் ஆசிரியர்கள். நாள் ஊதியம் அவர்களுக்கும் ஆசிரியர் ஊதியமாகவே கிடைக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் கட்டிய கட்டணத்தில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி அது. நேர்மையான ஏற்பாட்டாளர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

பேச்சு பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தப் பக்கத்தில் தமிழ் புரிகிறவர்கள் பலர். நாம் தெலுங்கில் தட்டுத்தடுமாறிப் பேசினால் அவர்களுக்குச் சந்தோஷம். பெரியவர்களைப் பெயரோடு 'காரு' சேர்த்துக் கூப்பிடுங்கள். பெண்களை 'அக்கா' என்றால் இரு மொழிக்கும் பொது. மாலையில் வேலை ஓய்ந்ததும் பழைய துணிகளை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாக ஓடும் கதையையும் கீழே எழுதியிருக்கும் தெலுங்கு வரிகளையும் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். ஒரே அனுமன் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு முகத்தோடு இருப்பார். எந்த முகம் யார் வீட்டுடையது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

அதனால்தான் படம் எடுப்பதில் கவனமாக இருங்கள். வேலை செய்யும் முறையை எடுக்கலாம், அவர்கள் சம்மதித்தால். ஒரு குடும்பத்தின் உருவரையை அப்படியே நேராக எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடாதீர்கள். பாலியெஸ்டர் துணியில் இயந்திரம் அச்சடித்த படங்கள் 'கலம்காரி' என்ற பெயரில் கடைகளில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாதக்கணக்கில் வெயிலும் தண்ணீரும் பார்த்த சேலை, பக்கத்தில் தொங்கும் அந்தத் துணியின் விலையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அந்த இயந்திரங்களுக்கு உருவரை எங்கிருந்தோ போய்ச்சேர்கிறது. உங்கள் கைப்பேசி அதற்கு வழியாகிவிடக் கூடாது.

நாட்கள் போதாது என்று சொல்வீர்கள். உண்மைதான், போதாது. முழுத் துணியை முடிக்க முயலாதீர்கள். கைக்குட்டை அளவுத் துணி போதும். அதைச் சாணத்தண்ணீரிலிருந்து கடைசி அலசல் வரை நீங்களே கொண்டுபோங்கள். ஒரே ஒரு மாங்காய், ஒரு கிளி, போதும். கசிம் பானையை மட்டும் அவர்களிடமிருந்து கடன் வாங்கத்தான் வேண்டும். புளிக்கக் காலம் பிடிக்கும். ஒரு நாள் மேகம் மூடி ஒன்றுமே காயவில்லையென்றால் அந்த நாள் வீணானதாக நினைக்காதீர்கள். அன்று அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். குச்சி சீவுவார்கள், கட்டு கட்டுவார்கள், கரி சுடுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள், அடுத்த துணிக்குக் கதையைப் பிரிப்பார்கள். பெரிய ஓவியத்தோடு ஊர் திரும்பி நண்பர்களிடம் காட்டும் ஆசையை நான் அறிவேன். அதற்கு அவர்கள் எழுதிய ஒரு துணியை, கேட்ட விலை கொடுத்து வாங்கி வாருங்கள்.

திரும்பி வந்ததும் உங்களில் சிலராவது கும்பகோணம் பக்கம் ஒருமுறை போகவேண்டும். நம் ஊரிலும் இந்தக் கலை இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலை செய்த கொடாலிக் கருப்பூரின் பெயரில், கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயில் விதானமும் தேர்த் தொம்பையும் எழுதத் தெரிந்த குடும்பங்கள் ஒருசிலவே. காளத்திக்கு 1957இல் வாய்த்ததைப் போன்ற ஒரு பயிற்சிக்கூடம் இந்தக் குடும்பங்களுக்கும் வாய்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அலசக் கற்றுக்கொண்டு வரும் நீங்கள் கேட்டால் அந்தக் கோரிக்கைக்குப் பலம் கூடும். என்னென்ன தேவை, எந்தத் தண்ணீர், எத்தனை வெயில், யாருக்கு என்ன ஊதியம் என்று விவரமாகச் சொல்ல உங்களால் முடியும்.

கடைசி நாள் கண்காட்சி வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு துணியின் கீழும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். யார் வரைந்தது என்பதோடு யார் பால் தோய்த்தது, யார் காய்ச்சியது, யாரோடு சேர்ந்து ஆற்றில் அலசியது என்றும் அதில் இருக்கட்டும். பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, அவரவரிடம் காட்டி எழுத்து சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுகளின் ஒரு படி அந்த வீட்டிலேயே இருக்கட்டும். இன்னொரு படியை எனக்கு அனுப்பினால் பத்திரமாக வைத்திருப்பேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அங்கே துணி அலசிய ஒருத்தி